வாசலில் தொங்கிய முகம்

கோபத்தோடு சொல்ல வேண்டிய கதை இது. கோபத்தில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

இதில் குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்திரண்டு. குருவுக்குத் தாடி கிடையாது. சீடருக்கு மீசை உண்டு. பஞ்சு போல வெளுத்த, நுனி முறுக்கிய மீசை. காலையில் அதைச் சீவாமல் அவர் தெருவில் இறங்கமாட்டார்.

குருவின் பெயர் ஜெசிந்தா. புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர் சாலையோரம் ஓர் ஓட்டுக் கொட்டகையில் காகிதக் கூழால் பேய் செய்கிறவர். மேல்நாட்டில் அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் என்று ஒரு நாள். அன்றைக்கு வாசலில் பேயும் பூசணித் தலையும் வைத்து, வருகிற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். அந்தப் பேய்களில் கொஞ்சம் இந்தக் கொட்டகையிலிருந்து கப்பலேறிப் போகின்றன.

சீடர் தணிகாசலம், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். ஊரே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும். குருவும் அப்படியே கூப்பிட்டார். அதனால் கொட்டகைக்குப் புதிதாக வருகிறவர்கள் யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் குழம்புவார்கள்.

சேர்ந்த அன்றைக்கே சீடர் கேட்டார்.

"இத்தனை பேயும் உங்களுக்கு எங்கேருந்தும்மா வருது? ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே."

"பேப்பர ஊறப் போட்டுட்டீங்களா வாத்தியாரே?"

"போட்டாச்சு."

"அப்ப நேத்து ஊறினத இடிங்க."

வாத்தியார் கொட்டகைக்குப் பின்னால் போய் உலக்கையை எடுத்தார். பதில் வரவில்லை என்பது பாதி இடித்த பிறகுதான் உறைத்தது.

வேலை அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. இடித்த காகிதத்தோடு புளியங்கொட்டைப் பசையும், பூச்சி அரிக்காமல் இருக்க வெந்தயப் பொடியும் சேர்த்துப் பிசைந்தார். களிமண்ணில் பிடித்த முகத்தின்மேல் கூழை அப்பி, காய்ந்ததும் உள்ளேயிருந்து மண்ணைச் சுரண்டி எடுத்தார். வருஷக்கணக்காகப் பலகையில் வரைந்த கை. ஒன்றையும் இரண்டாவது தடவை சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒன்றுதான் அவருக்கு விளங்கவில்லை. குருவின் வேலை மேசையில், களிமண்ணுக்குப் பக்கத்தில், சலூனில் இருப்பது போன்ற பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது. ஜெசிந்தா வந்ததும் அதற்கு முன்னால் உட்காருவார். வேலை நடுவிலும் மண்ணை விட்டுவிட்டு அதையே பார்ப்பார். உரல் பக்கமிருந்து பார்த்தால் குருவின் முதுகு மட்டும்தான் தெரியும். அழகு பார்க்கிற வயசுதானே என்று வாத்தியார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

அந்த வருஷம் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஓர் அடுக்ககத்தில் ஹாலோவீன் கொண்டாடுவதென்று குடியிருப்போர் சங்கம் முடிவெடுத்தது. அங்கே ஏற்கெனவே வீட்டுக்கு வீடு கோரைப்பல்லும் உருட்டு விழியுமாகத் திருஷ்டி பொம்மை தொங்குகிறது. அது போதவில்லை. நுழைவாசல் வளைவில் தொங்கவிட ஒரு சூனியக்காரி வேண்டும் என்று செயலாளர் கேட்டார். பார்த்தால் பசங்க அலறணும் என்றார்.

அடுத்த வருஷத்துக்கான மாதிரிப் பேய்களைக் கப்பலுக்கு அனுப்பும் நேரம். ஜெசிந்தா அந்த முகத்தைச் சீடரிடம் விட்டார். அவர் தன்னந்தனியாகச் செய்யப்போகும் முதல் முகம்.

வாத்தியார் வளைவை அளந்துகொள்ள அடுக்ககத்துக்குப் போனார். அங்கே ஒரு பெண் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். நரைத்த தலை. ஒடுங்கிய கன்னம். முன்னால் தள்ளிய பல். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. வாத்தியார் அளப்பதை மறந்து நின்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் விரல் முழங்கால்மேல் வரைந்துகொண்டே வந்தது.

முகம் முடிந்த அன்று அது பேசாததுதான் குறை. ஜெசிந்தா அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இது?"

"சூனியக்காரி."

"கண்ணாடி பாத்துப் பண்ணீங்களா?"

"கண்ணாடி எதுக்கும்மா? ஒருதரம் பாத்தா போதும், கை போட்டுடும்."

"யாரப் பாத்தீங்க?"

அதற்குள் பெட்டிகளை ஏற்ற வந்த லாரி வாசலில் ஹாரன் அடித்தது. குரு முகத்தை வைத்துவிட்டு வெளியே ஓடினார். கேள்வி அங்கேயே கிடந்தது.

சூனியக்காரி வளைவில் ஏறி இரண்டு நாள் இருக்கும். காலையில் கொட்டகை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கையில் துடைப்பம். வேலையிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவர் அதைக் கீழே வைக்க மறந்திருந்தார்.

"பேய் செய்யறது இங்கதானா?"

"இங்கதான். யாரு நீங்க?" என்றார் ஜெசிந்தா.

"நாந்தான் அது."

ஜெசிந்தா அந்த முகத்தைப் பார்த்தார். ஒடுங்கிய கன்னம், பல், இரண்டு மூக்குத்தி. பிறகு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கூழைப் பிசைவதில் மும்முரமாக இருந்தார்.

குரு எழுந்து தன் முக்காலியை நகர்த்திப் போட்டார். வந்தவர் உட்காரவில்லை.

"எம்பேரு அஞ்சலாட்சி. அங்க பெருக்கறன். இதுவரைக்கும் ஒருத்தரும் என்ன ஒரு சொல்லு சொன்னதில்ல. இப்ப லிப்டுல ஏறனா பசங்க பேய் வருது, பேய் வருதுங்குது. மூணாவது மாடில ஒரு பாப்பா. தெனம் அதுக்கு நாய்க்குட்டி காட்டுவன். நேத்து என்னப் பாத்ததும் ஓடிப்போயி அவுங்கம்மா காலக் கட்டிக்கிச்சு. அந்தம்மா சிரிக்குது."

"செயலாளர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னன். ஞாயித்துக்கிழம விழா முடியற வரைக்கும் பின்பக்கம் பெருக்கு, கொழந்தைங்க கண்ணுல படாதன்றாரு. பேய முன்னால தொங்க வுட்டுட்டு என்னப் பின்னால போவச் சொல்றாரு."

அஞ்சலாட்சி வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான அன்னிக்கி டேப்பு புடிச்சிக்கினு நின்னது? நான் பெருக்கிக்கினு இருந்தன். எம்மூஞ்சிய எப்ப எடுத்தீங்க?"

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பு தன் பக்கம் இருக்கும்போது வருகிற கோபம் சீக்கிரம் வரும், சத்தமாகவும் வரும்.

"இங்க பாரும்மா. நான் உன் பேரப் போட்டேனா? உன்னத்தான் செஞ்சேன்னு எழுதி வச்சேனா? ஒரு முகத்துல களை இருந்தா கலைஞன் எடுத்துக்கத்தான் செய்வான். இது கலை. உனக்குப் புரியாது."

"என்னைய கேட்டீங்களா?"

"மூக்குத்திய வேணும்னா எடுத்துடறேன். அப்புறம் யாருக்கும் தெரியாது."

அஞ்சலாட்சி தன் மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

"இது நானா சம்பாரிச்சிப் போட்டது," என்றார்.

நான் அங்கே இருந்திருந்தால் அந்த உலக்கையை எடுத்திருப்பேன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். பேய்க்கு இளைத்தவர் யார் என்று கேட்டால் நம் ஊரில் ஒரே பதில்தான். வயசானவர், கறுத்தவர், புருஷன் இல்லாதவர், பெருக்க வருகிறவர். மாடியில் ஏசி போட்டுக்கொண்டு சம்பளத்தைப் பிடிக்கிறவர் முகத்தில் ஒருத்தரும் பேயைப் பார்ப்பதில்லை.

ஜெசிந்தா உலக்கையை எடுக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டார்.

"நான் யாரு முகம்னு கேட்டேன், பதில் வாங்காம விட்டுட்டேன். அதுல என் தப்பும் இருக்கு. இப்ப என்ன செய்யணும் சொல்லுங்க."

"அத எறக்கணும்."

மூன்று பேரும் ஆட்டோவில் போனார்கள். செயலாளர் வளைவுக்குக் கீழே வண்ண விளக்கு கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். குருவைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"பிரமாதம் மேடம். பசங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

"இறக்கப் போறேன் சார்."

செயலாளர் அஞ்சலாட்சியைப் பார்த்தார். விஷயம் புரிந்தது.

"இவ உங்ககிட்ட வந்துட்டாளா? கொஞ்சம் ஜாடை ஒத்துப்போகுது, அவ்வளவுதான் மேடம். யாரும் வேணும்னு சொல்லல. ஜாலியா எடுத்துக்கணும்."

"உங்கம்மா எந்த பிளாக் சார்?"

"சி பிளாக். எதுக்கு?"

"அவங்க முகத்த வச்சு ஒண்ணு செஞ்சு இதே எடத்துல தொங்க விடறேன். ஜாலியா எடுத்துப்பாங்க."

செயலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என்ன பேசறீங்க, யாரைப் பேசறீங்க என்றார். ஜெசிந்தா அவர் முகத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தோட்டத்து ஏணி எங்கே இருக்கும் என்று அஞ்சலாட்சிக்குத் தெரியும். போய்த் தூக்கி வந்து சாத்தினார். அவர் பிடித்துக்கொள்ள, குரு ஏறினார். சீடர் தள்ளி நின்றார். உள்ளே போய்வந்த கார்களில் ஒன்றிலிருந்து, வணக்கம் சார் என்று யாரோ கை காட்டினார்கள். அவரிடம் படித்தவர்களாக இருக்கும்.

"அப்ப ஞாயித்துக்கிழமைக்கு என்ன மேடம் பண்றது?" என்றார் செயலாளர்.

"வேற முகம் வரும்."

"இதைவிட பயங்கரமா இருக்கணும்."

"இருக்கும்," என்றார் ஜெசிந்தா.

இறக்கிய முகத்தை அவர் அஞ்சலாட்சி கையில் கொடுத்தார். "உங்களோடது. என்ன வேணா செய்யுங்க."

அஞ்சலாட்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்காரு. அதான் வயிறு எரியுது," என்றார். "பல்ல மட்டும் நான் இப்பிடிக் காட்டமாட்டன்."

முந்தானையில் அதைச் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். பிறகு துடைப்பத்தை எடுத்து, செயலாளர் நின்ற இடத்திலிருந்து, முன்வாசலைப் பெருக்க ஆரம்பித்தார். செயலாளர் காலைத் தூக்கித் தூக்கி நகர வேண்டியதாயிற்று.

கொட்டகைக்குத் திரும்பியதும் வாத்தியார் நேரே உரலுக்குப் போனார்.

"இங்க வாங்க வாத்தியாரே. இப்பிடி உக்காருங்க."

கண்ணாடிக்கு முன்னால் இருந்த முக்காலி. அதில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் அலமாரி முழுக்கக் காய்ந்துகொண்டிருந்த பேய்கள் தெரிந்தன. பக்கத்தில் குரு நின்றார்.

வாத்தியார் கண் வாத்தியார் கண்தான். ஜெசிந்தாவின் இடது புருவத்தில், சின்ன வயதில் விழுந்த வெட்டு ஒன்று உண்டு. அலமாரியில் இருந்த தாடிக்காரப் பேய்க்கும் இடது புருவம் வெட்டியிருந்தது. குழிவிழுந்த கன்னத்துக் கிழவிக்கும் வெட்டியிருந்தது. பூசணித் தலைக்குப் புருவமே தேவையில்லை, அதற்கும் இருந்தது.

"எல்லாம் நீங்களாம்மா?"

"நாந்தான்."

"அந்தத் தாடிக்காரன்?"

"அப்பா சாவுக்கு எங்கண்ணன் வரல. அவன்கிட்ட போன்ல பேசிட்டு வந்து இதுல பாத்தேன். அப்படி இருந்தேன்."

"கிழவி?"

"கூடப் படிச்சவ ஒருத்தி வீடு கட்டிக் குடிபோனா. போய்ச் சாப்பிட்டு, ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்தேன். வந்து பாத்தா அந்தக் கிழவி உக்காந்திருந்தா."

வாத்தியார் முதல் நாள் கேட்ட கேள்வி அவருக்கே ஞாபகம் வந்தது. அன்றைக்குக் குரு பதில் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார். இன்றைக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

ஜெசிந்தா களிமண்ணில் தண்ணீர் தெளித்து உருட்டினார்.

"முகத்தக் காட்டுங்க வாத்தியாரே. நான் புடிக்கறேன்."

"எந்த முகம்?"

"இது கலை, உனக்குப் புரியாதுன்னு காலையில அந்தம்மாகிட்ட சொன்னீங்களே. அப்ப வச்சிருந்தது."

கண்ணாடியில் வாத்தியார் சிவந்தார்.

"என்னம்மா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க? நாப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவன் நான். அந்த அடுக்ககத்துல என்கிட்ட படிச்சவங்க இருக்காங்க. பார்த்தவுடனே இன்னாருன்னு தெரிஞ்சுடும். நாளைக்கு நான் தெருவுல நடக்க வேணாமா? பேய் வருது, பேய் வருதுன்னு பசங்க பின்னால ஓடிவரும். என் முகத்த எடுத்து ஊர் பாக்க வாசல்ல தொங்க விடறதுக்கு உங்களுக்கு யாரும்மா உரிமை கொடுத்தது?"

"அப்படியே இருங்க," என்றார் குரு. "அசையாதீங்க. இதேதான்."

கட்டைவிரலால் அவர் மண்ணில் முதல் குழியை அழுத்தினார்.

"மீசைய வேணும்னா எடுத்துடறேன் வாத்தியாரே."