கிழக்கே காற்று வரவில்லை

மருதங்கோட்டையில் எதையும் நேராகச் சொல்வது பெரிய அநாகரிகம். பசித்தால், "பக்கத்து வீட்டில் ஏதோ தாளிக்கிறார்கள் போல" என்பார்கள். விருந்தாளி கிளம்ப வேண்டுமென்றால், "மழை வரும் போலிருக்கிறதே" என்பார்கள். எல்லாரையும் மிஞ்சியவர் ராஜா திருமுடிராயர்.

அந்த அரண்மனையில் ஓலை எழுதியவன் வெண்காடன். அவனுக்கு மட்டும் ஜாடைப் பேச்சு பிடிபடவே இல்லை. எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டான். தூணைப் பார்த்துத்தான் பேசுவான். சொன்ன சொல்லுக்குச் சொன்ன பொருள்தான் அவனுக்கு. "உனக்கு நாக்கு நீளமடா" என்று அமைச்சர் காளத்தியார் ஒருமுறை சீறியபோது, "அளந்து பார்த்ததில்லை ஐயா" என்றான். கிண்டல் இல்லை. உண்மையிலேயே அளந்ததில்லை.

ஒரு சித்திரை மாதத்தில் சபை கூடியிருந்தது. ராஜா கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "கிழக்கேயிருந்து காற்றே காணோம்" என்றார்.

கிழக்கே இருப்பது வேங்கைநாடு. அமைச்சர் தளபதியின் காதில் கிசுகிசுத்தார்: "வேங்கைநாட்டான் மூன்று மாதமாகத் தூது அனுப்பவில்லை. மகாராஜா மனம் புண்பட்டிருக்கிறார்."

"அப்படியானால் போர்தான்" என்றார் தளபதி.

மூன்றாம் நாள் கோட்டை வாசலில் நாலாயிரம் வீரர்கள், நாற்பது யானைகள். உப்பரிகையிலிருந்து பார்த்த ராஜா திகைத்துப்போனார். தளபதிக்குப் போர்மேல் ஆசை போலிருக்கிறது, முகத்துக்கு நேரே மறுத்தால் வருத்தப்படுவாரே என்று, "பார்க்கலாம்" என்றார். அந்த ஊரில் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள். தளபதியோ போர்க்களத்தில் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டார்.

போர் ஓலை எழுத வெண்காடனைச் சபைக்கு அழைத்தார்கள். எழுத்தாணியை எடுத்தவன் அப்படியே நின்றான்.

"போருக்குக் காரணம் என்று என்ன எழுதுவது?"

"காற்று வரவில்லை என்று எழுது" என்றார் அமைச்சர்.

"அதற்கு வேங்கைநாட்டு ராஜா என்ன செய்வார்?"

"குறிப்பறிந்து எழுதப்பா."

"எனக்குக் குறிப்பு தெரியாது ஐயா. தெரியாததை எழுதக் கை வராது. கேட்கத்தான் தெரியும்." அவன் தூணைப் பார்த்துக் கேட்டான்: "மகாராஜா, உங்களுக்குப் போர் வேண்டுமா, வேண்டாமா?"

சபையில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஒரு புலவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அறுபது வயதில் ராஜாவை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"வேண்டாம்" என்றார். அந்தச் சொல் அவருக்கே புதிதாக இருந்தது.

"பிறகு என்னதான் வேண்டும்?"

"தளபதி தினமும் கிழக்கு ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் கொஞ்சம் நகர வேண்டும்."

தளபதி நகர்ந்தார். ஜிலுஜிலுவென்று காற்று வந்தது. நாற்பது யானைகளும் கரும்பு தின்னப் போய்விட்டன.

அமைச்சருக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜாவையே கேள்வி கேட்டவனைச் சும்மா விடலாமா?"

"விடலாம்" என்றார் ராஜா. நேராகப் பேசுவது அவருக்குப் பிடித்துவிட்டது. "வெண்காடா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"நீங்கள் சபைக்கு வரும்போதெல்லாம் பன்னிரண்டு சங்கு ஊதுகிறார்கள். எனக்குத் தலை வெடிக்கிறது. அதை நிறுத்தச் சொல்லுங்கள்."

"அது முப்பது வருஷத்து ராஜமரியாதை" என்று பதறினார் அமைச்சர்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கும் முப்பது வருஷமாக அதே தலைவலிதான். முதலில் ஒரே சங்குதான் இருந்தது. 'இன்று சங்கு பலமாக ஒலிக்கிறதே' என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதெல்லாம் இன்னொன்றைச் சேர்த்துவிட்டார்கள்."