தேறாத தேறல்

யவனர் கப்பல் வந்துவிட்டால் துறைமுகத்தில் பாதிப் பேர் பொன்னைத் தேடி ஓடுவார்கள். வெண்கொற்றன் மட்டும் தேறல் தேடிப் போவார். தேறல் என்றால் அடி வண்டல் படிந்து நன்றாகத் தெளிந்த மது. அதுவும் அவருக்கு ஒரே ஒரு மலைச்சரிவின் தேறல்தான் வேண்டும். முந்நூறு ஆண்டுகளாகத் திராட்சை விளையும் சரிவு அது என்று மாலுமிகள் பெருமையடிப்பார்கள். வேறு எதைக் காட்டினாலும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆண்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சிறு சாடிகள் சேர்ந்துவிட்டன. குடிக்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். ஊர் அவரைக் கிறுக்கர் என்றது. ஊருக்கு வேறு வேலை என்ன?

அவருடைய ஒரே மகன் கீரன் கடல் கடந்து போய், அந்தச் சரிவில் ஓர் அறுவடைக்குப் பழம் பறித்தான். அதே ஆண்டு காய்ச்சலில் இறந்தான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். தேறுதல் சொல்ல வந்தவர்களை வெண்கொற்றன் வாசலோடு திருப்பி அனுப்பினார். முதல் சாடி மகன் பறித்த பழம். மற்றவை அவன் கிடக்கும் மண்ணில் விளைந்தவை.

இந்த முறை வந்த மாலுமி, "முதல் சாடியை இந்தக் கோடைக்குள் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் புளித்துவிடும்" என்று சொல்லிவிட்டான்.

வெண்கொற்றன் சாடியை மார்போடு அணைத்துக்கொண்டு குன்றுக்குப் போனார். அங்கே இருந்த பெண்துறவி பதுமையார்தான் அவருக்குக் குரு. வெண்கொற்றனைவிட இருபது வயது இளையவர். மனைவி எயினி வெறுங்கையோடு பின்னால் வந்தாள்.

"அம்மா, திறந்தால் தீர்ந்துபோகும். திறக்காவிட்டால் கெட்டுப்போகும். நான் என்ன செய்ய?"

"திறந்து கொஞ்சம் ஊற்றுங்கள்."

சாடியின் வாயை மூடியிருந்த அரக்கை உடைத்து ஊற்றினார். கிண்ணத்தில் புது வெள்ளம் மாதிரி கலங்கலாக விழுந்தது.

"பன்னிரண்டு ஆண்டாகியும் தேறவில்லையே! யவனன் ஏமாற்றிவிட்டான்."

"சாடியை எப்படி வைத்திருந்தீர்கள்?"

"தினமும் காலையில் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். லேசாக ஆட்டினால் உள்ளே தளும்பும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுதே விடியும்."

"எயினி, அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்கிறாயா?"

எயினி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அவனைப் பத்து மாதம் சுமந்தவள் நான். இந்தச் சாடியை ஒருநாள்கூட என் கையில் தந்ததில்லை, அம்மா. அவன் பெயரை எடுத்தாலே எழுந்து சாடியிடம் போய்விடுவார்."

பதுமையார் கிண்ணத்தைப் பாறைமேல் வைத்தார்.

"தேறட்டும். தொடாதீர்கள்."

மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து மேலே ஒரு விரற்கடை தெளிந்தது. வெண்கொற்றனுக்குப் பொறுக்கவில்லை. கிண்ணத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். கலங்கிவிட்டது. வைத்தார். மறுபடி தெளியத் தொடங்கியது. மறுபடி எடுத்தார்.

மூன்றாம் முறை அவருடைய கை கிண்ணத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. அழுகை வந்துவிட்டது.

"என் பிள்ளை பறித்த பழம், அம்மா. தொடாமல் நான் எப்படி இருப்பேன்?"

"எயினியைக் கேளுங்கள். உங்கள் பக்கத்திலேயே பன்னிரண்டு ஆண்டாகத் தொடாமல் இருக்கிறாள்."