பெருச்சாளி வீட்டு மெத்தை

காட்டை ஒட்டிய ஒரு குளக்கரையில், நாவல் மரத்தடியில், ஒரு பெருச்சாளிக் குடும்பம் வளை தோண்டிக் குடியிருந்தது. வீட்டுக்காரியின் பெயர் வளையரசி. அவள் கணவன் கொறியப்பன். மூத்த மகள் மினுக்கி. கொறியப்பனின் தம்பி சுரண்டியும் அவர்களோடுதான் இருந்தான். வளையரசி அப்போதுதான் மறுபடி குட்டி போட்டிருந்தாள். அந்தக் குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். வளையரசியின் வளையோ தனி வளை மட்டுமல்ல, வசதியான வளை. மேட்டில் வாசல். உள்ளே இறங்கினால் கூடம். அதற்குப் பக்கத்தில் தானிய அறை, அதையும் தாண்டிக் கீழே குட்டிகள் அறை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குறுகலான மடை. எவ்வளவு மழை கொட்டி உள்ளே புகுந்தாலும் தண்ணீர் மடை வழியாகக் குளத்துக்கு ஓடிவிடும். அந்த மடையைத் தோண்டியவன் சுரண்டி.

குளத்தைப் பார்க்க அடிக்கடி மனிதர்கள் வருவார்கள். உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போன பைகள் புல்லில் கிடக்கும். பெருச்சாளி வீட்டில் அவை எல்லாவற்றுக்கும் ஒரு வேலை இருந்தது. கொறியப்பன் பையில்தான் கடலை கொண்டுவருவான், பையோடுதான் சேர்த்துவைப்பான். மினுக்கி மின்னும் சிப்ஸ் பாக்கெட்டுகளைத் தன் சுவரில் ஒட்டி அழகு பார்ப்பாள். சுரண்டியிடம் ஒரு தடித்த நீலப் பிளாஸ்டிக் தாள் இருந்தது. தோண்டிய மண்ணை அதில் போட்டுத்தான் வெளியே இழுப்பான்.

ஒருநாள் வளையரசி கடலை எடுக்கத் தானிய அறைக்குப் போனாள். பையைப் பிரித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்னங்க! இங்க வாங்க! இதை மோந்து பாருங்க!”

கொறியப்பன் வந்து மோந்தான். “கடலை வாசனைதான் வருது.”

“பூஞ்சை வாசனை! பை உள்ளேயே வேர்த்து, அத்தனையும் வீணாப்போச்சு! மழைக்காலத்துக்கு வெச்சிருந்தது!”

கொறியப்பன் இன்னொரு பையைப் பிரித்தான். அதிலும் கடலை பச்சையாகப் பூத்திருந்தது. அவன் மீசை தொங்கிப்போனது.

அன்றைக்கே வளையரசி எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள். “இந்த வீட்டுல இனிமே பிளாஸ்டிக் கூடாது. என்ன சொல்றீங்க?”

“கூடாது!” என்றான் கொறியப்பன்.

“கூடவே கூடாது!” என்றாள் மினுக்கி.

“நானும் அதைத்தான் நினைச்சேன் அண்ணி,” என்றான் சுரண்டி.

இவ்வளவு சீக்கிரம் எல்லாரும் ஒத்துக்கொண்டது வளையரசிக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் கொறியப்பன் தொண்டையைச் செருமினான்.

“கடலை தூக்க மட்டும் ஒரு பை வெச்சுக்கிறேன். வாயில கவ்விக்கிட்டு வந்தா எவ்வளவு வரும், நீயே சொல்லு!”

“தேக்கிலையைச் சுருட்டி இழுத்துக்கிட்டு வாங்க.”

“என்னோடது பை இல்லம்மா,” என்றாள் மினுக்கி. “சுவர்ல சும்மாதானே இருக்கு! யாருக்கு என்ன கெடுதல்?”

“சும்மா இருக்கறது எதுக்கு இருக்கணும்? கழட்டு!”

“என் நீலத் தாள் இல்லாம மண்ணு இழுக்க முடியாது அண்ணி,” என்றான் சுரண்டி. “வேலைக்காக வெச்சிருக்கேன்.”

“எல்லாருக்கும் ஒரு சாக்கு! உங்க அப்பா காலத்துல நீலத் தாள் வெச்சா மண்ணு இழுத்தாங்க?”

மினுக்கி விடவில்லை. “அப்போ பாப்பாங்க மெத்தை?” என்று கேட்டாள்.

குட்டிகள் அறையில் வளையரசி பால் பாக்கெட்டுகளைக் கனமாகப் பரப்பி மெத்தை போட்டிருந்தாள். ஒன்று அழுக்கானால் அதைப் பின்னங்காலால் மூலைக்குத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடுவாள். மெத்தை எப்போதும் வழவழவென்று சுத்தமாக இருக்கும். அதைப் பார்க்க அவளுக்கே பெருமையாக இருக்கும்.

“அது வேற!” என்றாள் வளையரசி. “பச்சைக் குழந்தைங்க விஷயம். மண்ணோட ஈரம் பட்டா என்ன ஆகறது?”

“கோரைப்புல்லைக் கடிச்சு நாராக்கிப் போட்டா ஈரம் ஏறாது அண்ணி,” என்றான் சுரண்டி மெதுவாக.

“கோரை குத்தும்! பெத்தவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா?”



வளையரசி சொன்னால் சொன்னதுதான். கொறியப்பன் தேக்கிலையில் கடலை இழுத்தான். வழியெல்லாம் முனகிக்கொண்டே இழுத்தான். மினுக்கி தன் சுவரைப் பிய்த்தாள். கடைசிப் பாக்கெட்டைக் கழற்றும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மனிதர்கள் போகும் பாதையோரத்தில் ஒரு குப்பைத் தொட்டி இருந்தது. பைகளையெல்லாம் அங்கே இழுத்துப்போய், விளிம்பில் ஏறி உள்ளே போட்டார்கள். பெருச்சாளிகள் குப்பைத் தொட்டியில் எதையாவது போட்டுவிட்டு வந்ததை அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை.

சுரண்டி தன் நீலத் தாளை எல்லாருக்கும் கடைசியாக விட்டான். தாளைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். வளையரசி அதைக் கவனித்தாள். ‘இவன் மனசார விடலை. வேற எதையோ ஒளிச்சு வெச்சிருக்கான்’ என்று நினைத்தாள். அதிலிருந்து அவன் அறைப்பக்கம் போகும்போதெல்லாம் மூக்கை நீட்டி மோந்து பார்ப்பாள். மண் வாசனையைத் தவிர அங்கே எதுவும் இல்லை. அதனால் அவளுடைய சந்தேகம் தீரவில்லை. ‘நல்லா ஆழமா ஒளிச்சிருக்கான்!’ என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு மழை வந்தது.

பகல் பொழுதிலேயே வானம் கறுத்து இறங்கியது. மேட்டிலிருந்து வழிந்த தண்ணீர் வாசலுக்குள் புகுந்தது. யாரும் பயப்படவில்லை. மடை இருக்கிறதே! வளையரசி குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே மடை வாயில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. மழை பெய்தால் மடைத் தண்ணீரில் குளிப்பது அதன் வழக்கம். அது உள்ளே பார்த்துக் கத்தியது.

“ஏ பெருச்சாளி வீடு! என்ன ஆச்சு? உள்ள அவ்வளவு தண்ணி போகுது, வெளிய ஒரு சொட்டும் வரலையே!”

வளையரசி அப்போதுதான் குனிந்து பார்த்தாள். கால் நனைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறு நனைந்தது. மெத்தை மிதக்கத் தொடங்கியது.

“என்னங்க! தண்ணி ஏறுது! பிள்ளைங்களைத் தூக்குங்க!”

கொறியப்பன் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வாசலுக்கு ஓடினான். மேலிருந்து வந்த வெள்ளம் அவனைப் புரட்டிக் கூடத்திலேயே தள்ளியது. மறுபடி ஏறினான். மறுபடி தள்ளியது. வாசல் வழியாகப் போக முடியாது என்று தெரிந்ததும் குட்டியைத் தானிய அறையின் மேட்டில் வைத்தான். மினுக்கி மற்றக் குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்வி அங்கே வைத்தாள். தண்ணீர் அந்த மேட்டையும் நோக்கி ஏறியது.

வளையரசி சுரண்டியைப் பார்த்தாள். அவளுக்குக் கண் சிவந்தது.

“கொழுந்தனாரே! ஒளிச்சு வெச்சீங்களே, இப்போ பாருங்க! உங்க பைதான் மடையை அடைச்சிருக்கு! ஒரு பைக்காக என் பிள்ளைங்களைக் கொல்லப் பார்க்கறீங்களா?”

தம்பி என்று கூப்பிடுகிறவள் கொழுந்தனாரே என்றதும் சுரண்டி ஒரு கணம் அசையாமல் நின்றான். மூச்சை இழுத்துப் பிடித்தான். தண்ணீருக்குள் முங்கினான்.

வெகுநேரம் அவன் வரவில்லை. வந்தபோது அவன் வாயில் ஏதோ இருந்தது. அதை வளையரசியின் முன்னால் போட்டான்.

அது ஒரு பால் பாக்கெட்.

வளையரசி அதையே பார்த்தாள். அந்த வீட்டில் பால் பாக்கெட் எங்கே இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் மூலைக்குத் தள்ளித் தள்ளிவிட்ட அழுக்குப் பாக்கெட்டுகள் மூலையோடு நிற்கவில்லை. அந்த மூலை மடைப் பக்கம் சரிந்திருந்தது. ஒவ்வொன்றும் வழுக்கி, மடைக்குள் இறங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கெட்டியாகியிருந்தது.

சுரண்டி மூச்சு வாங்கினான்.

“இன்னும் நிறைய இருக்கு,” என்று மட்டும் சொன்னான்.

“நகரு தம்பி!” என்று வளையரசி தண்ணீருக்குள் பாய்ந்தாள்.

மடை இருட்டாக இருந்தது. பாக்கெட்டுகள் பல்லுக்குப் பிடிபடாமல் வழுக்கின. கடித்தால் கிழிந்த துண்டு மட்டும் பல்லோடு வந்தது. அவள் நகத்தால் பிறாண்டினாள். கால்களைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். ஒன்று வந்தது. அதைப் பின்னால் தள்ள, சுரண்டி வாங்கிக் கொறியப்பனிடம் தள்ள, கொறியப்பன் கூடத்துக்கு எறிந்தான். மேலே வந்து மூச்சு வாங்கினாள். மறுபடி முங்கினாள். சுரண்டியும் முங்கினான். இருவரும் மாறி மாறி இழுத்தார்கள்.

“அம்மா!” என்று மினுக்கி அலறினாள். “ஒண்ணு குறையுதும்மா! கடைக்குட்டியைக் காணோம்!”

வளையரசி குட்டிகள் அறைக்குள் பாய்ந்தாள். தண்ணீர் கலங்கிச் சேறாகியிருந்தது. எங்கே தேடுவது? அறையில் மிதந்த பாக்கெட் ஒன்று அவள் முகத்தில் வந்து மோதியது. சனியனே என்று அதைக் கவ்வித் தூர எறியப் போனாள்.

பாக்கெட் ‘கீச்’ என்றது.

வளையரசி அப்படியே நின்றுவிட்டாள். மெல்ல அதன் வாயைக் கிழித்தாள். உள்ளே கடைக்குட்டி சுருண்டு கிடந்தது. ஈரப் பிளாஸ்டிக் அதன் மூக்கோடு ஒட்டியிருந்தது. அவள் நாக்கால் நக்கி நக்கி அதை விலக்கினாள். குட்டி தும்மியது. பிறகு மூச்சு விட்டது.

அதே நேரம் மடைப் பக்கமிருந்து சுரண்டியின் குரல் வந்தது. “விலகுங்க! விலகுங்க!” கடைசி அடைப்பை அவன் இழுத்துவிட்டான். களகளவென்று தண்ணீர் சுழித்தது. மேட்டை எட்டியிருந்த வெள்ளம் இறங்கியது. வெளியே உட்கார்ந்திருந்த தவளையை அந்தத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்க் குளத்தில் தள்ளியது.

“இப்போ வருது! இப்போ நல்லா வருது!” என்று தவளை தண்ணீருக்குள்ளிருந்து கத்தியது.

மழை விட்டது. வீடு முழுக்கச் சேறு. வளையரசி குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுரண்டி ஒரு மூலையில் காயம்பட்ட நகத்தை நக்கிக்கொண்டிருந்தான்.

“தம்பி,” என்றாள் அவள். “தப்பு என்னோடது. பழியை உன்மேல போட்டேன்.”

“விடுங்க அண்ணி.”

“எப்படி விடறது? உன் அறையை மோந்து மோந்து பார்த்தேன். என் அறையை மோந்து பார்க்கலை.”

சுரண்டி நகத்தை நக்குவதை நிறுத்தினான். பிறகு, “கோரை இப்போ நனைஞ்சிருக்கும். வெயில் வரட்டும், அறுத்துட்டு வரேன்,” என்றான்.

வெயில் வந்தது. மெத்தையில் மிச்சமிருந்த பாக்கெட்டுகளை வளையரசி தானே இழுத்துக்கொண்டு குப்பைத் தொட்டிக்குப் போனாள். கொறியப்பன் உதவிக்கு வந்தான். வேண்டாம் என்றாள். திரும்பி வந்தபோது சுரண்டி கோரையைக் குவித்திருந்தான். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கடித்தார்கள். தாடை வலிக்க வலிக்கக் கடித்து நாராக்கினார்கள். கொறியப்பன் இதற்கும் முனகினான். கோரை நார் குத்தவில்லை. குட்டிகள் அதில் முகத்தைப் புதைத்துத் தூங்கின.

கொஞ்ச நாளில் மறுபடி மனிதர்கள் வந்தார்கள். சாப்பிட்டார்கள், போனார்கள். வளையரசியும் மினுக்கியும் இரை தேடிப் போனார்கள். புல்லில் ஒரு பை கிடந்தது. தடித்த வெள்ளைப் பை. பன் வாசனை வந்தது. தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. வளையரசி அதன்மேல் கால் வைத்தாள். காலை எடுக்க மனம் வரவில்லை. சும்மா ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் அமுக்கிப் பார்த்தாள்.

மினுக்கி சற்றுத் தள்ளி நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளையரசி பையைக் கவிழ்த்தாள். உள்ளே இருந்த பன் துண்டைப் பாதி தின்றாள், பாதியை மகளுக்கு வைத்தாள். பிறகு வெறும் பையைக் கவ்விக்கொண்டு குப்பைத் தொட்டியில் ஏறினாள். அதை உள்ளே போட்டுவிட்டு இறங்கினாள்.

இறங்கித் திரும்பினால், மினுக்கி தொட்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். தங்க நிறத்தில் பளபளக்கும் ஒரு சிப்ஸ் பாக்கெட் அவள் வாயில் இருந்தது. இவ்வளவு நேரமும் அதை வயிற்றுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. மினுக்கி அதை ஒருமுறை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போட்டாள்.

வளையரசி எதையும் பார்க்காதவள் போல வீட்டுப் பக்கம் நடந்தாள்.

பிறர் கையில் இருப்பதைப் பிடுங்குவதால் வீடு திருந்துவதில்லை. தன் கையில் இருப்பதை முதலில் விடுகிறவரைப் பார்த்துத்தான் வீடு திருந்தும்.