குங்கிலியம் மணத்த கை

கருமுகில் மலைக்காட்டின் நடுவில், கூரையில்லாத ஒரு சிவலிங்கத் திருமேனி உண்டு. அதைச் சுற்றி நிற்கும் மரங்களின் வயதை ஊரில் எவரும் அறியார்.

மலையடிவாரத்து மடத்தில் வடிவாம்பிகை அம்மை என்னும் துறவியார் இருந்தார். அவருடைய சீடர் கூத்தபிரான், அம்மையைவிட இருபது வயது மூத்தவர். தாலுகா அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

மார்கழித் திருவாதிரைக்கு முன்வரும் ஞாயிறன்று, அடியார் நாற்பது பேர் மலையேறுவார்கள். உழவாரம் என்னும் கைக்கருவியால் சந்நிதியைச் சுற்றியுள்ள புல்பூண்டைச் செதுக்கி, சருகைக் கூட்டி எரிப்பார்கள். பதின்மூன்று ஆண்டுகளாக அவர்களுக்குத் தலைவர் கூத்தபிரானே. அவர் தொண்டு முடித்த தரையில் ஒரு துளிர் மிஞ்சாது. இலையுதிர்ந்த ஓசைகூட அங்கே தனியாகக் கேட்கும் என்று அடியார்கள் வியந்து சொல்வார்கள்.

அந்த ஆண்டு, ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்பு, காணி என்னும் மலைக்குடியைச் சேர்ந்த பகவதி என்ற பெண் மடத்துக்கு வந்தார். காட்டுக்குள்ளேயே குடியிருப்பவர். மரம் வெட்ட வருவோரை மறிப்பதற்காக, தம் குடியாரையும் அடிவாரத்துப் பெண்களையும் சேர்த்து முறைவைத்துக் காவல் நடப்பவர்.

போன மழையில் சந்நிதியருகே இரண்டு வெடிப்பலா மரங்கள் சாய்ந்துவிட்டன என்றார். விழுந்த இடத்தில் உண்ணிச்செடி என்னும் களைதான் புதராய் மண்டுகிறதாம். மரக்கன்று ஒன்றுகூட இல்லையாம். பிறகு கூத்தபிரானைப் பார்த்துச் சிரித்தார்.

"வெட்ட வாறவன நாங்க மறிச்சிருவோம், மூத்தவரே. கும்பிட வாறவர எப்படி மறிக்க? நீங்க வருசா வருசம் காட்டுக்கு மொட்டை போடுதீங்க. இப்போ அங்க நிக்கது பூராவும் கிழடுக. இதுகளும் சாஞ்சிட்டா, உங்க சாமி வெயில்லதான் இருக்கணும்."

அன்று கூத்தபிரான் உணவு கொள்ளவில்லை. மாலை வழிபாடு முடிந்தபின் அம்மையின் முன் வந்து நின்றார்.

"தாயே, பதின்மூன்று ஆண்டு நான் செய்தது தொண்டா, கொலையா?"

நாளைக் காலை மலையேறுவோம், உழவாரத்தையும் எடுத்து வாருங்கள் என்று மட்டும் அம்மை சொன்னார்.

மறுநாள் பகவதி வழிகாட்ட, மூவரும் சந்நிதியை அடைந்தார்கள். ஐப்பசி மழைக்கு முளைத்தவை விரலுயரத்தில் தரையெங்கும் நின்றன. அம்மை ஈர மண்ணில் அமர்ந்து, ஒரு முளையைத் தொட்டுக் காட்டினார்.

"இதை உங்களுக்குத் தெரியுமா?"

"பெயர் தெரியாது, தாயே. இழுத்தால் எளிதில் வராது. நடுவில் ஒடிந்துவிடும். வேரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்."

"அது வெடிப்பலா" என்றார் பகவதி.

"இது?"

"கொழுந்து குழந்தையின் உள்ளங்கைபோல் சிவந்திருக்கும். செதுக்கிய பிறகும் ஒரு பகல் வாடாமல் கிடக்கும்."

"நாங்கு மரம்" என்றார் பகவதி.

அம்மை மூன்றாவதாக ஒன்றைக் காட்டினார். கூத்தபிரான் அருகே குனிந்தார். குரல் தாழ்ந்தது.

"இதைப் பிடுங்கினால் கையில் ஒரு நறுமணம் ஒட்டும். கழுவினாலும் இரண்டு நாள் போகாது. தொண்டுக்கு இரங்கி இறைவன் தந்த மணம் என்று எண்ணியிருந்தேன். வீட்டுக்குப் போகும்போது பேரக்குழந்தைகளின் தலையிலும் அந்தக் கையை வைத்து வாழ்த்தியிருக்கிறேன்."

பகவதி இம்முறை சிரிக்கவில்லை. பெரிய மரமொன்றைத் தலையசைத்துக் காட்டினார். அதன் பட்டையில் கருத்த பிசின் வழிந்து இறுகியிருந்தது.

"அதோட பிள்ளை. கருங்குங்கிலியம்."

கூத்தபிரான் தம் கையைப் பார்த்தார். பின்பு உழவாரத்தை அம்மையின் காலடியில் வைத்தார்.

"எனக்கு விடை தாருங்கள், தாயே. நாளை அடியார்களை வேறொருவர் அழைத்து வரட்டும். நான் இனிக் காட்டுக்குள் கால் வைக்க மாட்டேன்."

அம்மை பகவதியிடம், இவ்வளவு சிறிதாக இருக்கும்போதே உங்கள் குடியார் எல்லோரும் இவற்றை இனம் காண்பார்களா என்று கேட்டார்.

"முழங்கால் உயரம் வரட்டும், சொல்லிருவோம். இத்தனூண்டுல என்னால முடியும், என்னைப் பெத்தவளால முடியும். இப்போ இந்த மூத்தவரால முடியுது."

அம்மை எழுந்து உழவாரத்தை எடுத்தார். மரம் சாய்ந்த இடத்தில் மண்டிக்கிடந்த உண்ணிச்செடிப் புதரைப் பார்த்தார். பிறகு உழவாரத்தைக் கூத்தபிரானிடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. "இத்தனையையும் பிடுங்கிய கை இது, தாயே."

"நாளை வரும் நாற்பது பேருக்கும் எது களை, எது கன்று என்று தெரியாது. பிடுங்கிய கைக்குத் தெரியும். நீங்களே முன்னால் நடங்கள்."