தில்லைநாயகி அம்மா சொன்ன ஒரு சொல்

"கத்தியை இனித் தொடப்போவதில்லை அம்மா. இது உங்களிடமே இருக்கட்டும்."

டாக்டர் அதிசயநாதன் தன் அறுவைச் சிகிச்சைப் பெட்டியைத் தில்லைநாயகி அம்மாவின் முன்னால் வைத்தார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. அம்மாவுக்கு நாற்பத்திரண்டுதான். கல்லூரியில் பழைய ஆங்கிலம் கற்பித்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் களக்காட்டு மலையடியில் ஒரு தென்னந்தோப்புக்குள் சின்னதாய் ஆசிரமம் வைத்திருந்தார். யார் போய் என்ன கேட்டாலும் ஏதாவது ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசுவார் என்று ஊரில் பேச்சு. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"என்ன நடந்தது?"

"ஒரு பெண். பள்ளிக்கூட டீச்சர். மேசையிலேயே, என் கையிலேயே போய்விட்டாள். 'நீங்க நல்லாத்தான் செஞ்சிருப்பீங்க டாக்டர்' என்றான் அவள் கணவன். அன்றிலிருந்து கத்தியை எடுத்தாலே கை நடுங்குகிறது. முப்பது வருடம் மனிதர்களை வெட்டியாயிற்று. போதும்."

அம்மா பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"ஆங்கிலத்தில் ஷியர் என்று ஒரு வினைச்சொல் உண்டு. இன்றைக்கு ஆட்டு ரோமம் கத்தரிப்பதைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அது ஷெரன். வெட்டுவது. தலைமுடியைக் கத்தரித்தாலும் ஷெரன். வாள் இறங்கித் தலைக்கவசம் பிளந்தாலும் ஷெரன்."

"சரி."

"பங்குக்கு ஷேர் என்கிறோமே, அதுவும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். ஷார்ட் என்பதும் அப்படித்தான். நீங்கள் போட்டிருக்கிற ஷர்ட்டும்."

அதிசயநாதன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"செத்துப்போன பெண்ணைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் ஆட்டு ரோமத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள்."

"ஆமாம்," என்றார் அம்மா. "சாப்பிட்டீர்களா?"

அதிசயநாதனுக்குக் கோபம் வந்தது. ஆனால் கிளம்பிப் போக மனம் வரவில்லை. ஆயிரம் வருடத்துச் சொல்லை, நேற்று வீட்டுக்கு வந்துபோன உறவுக்காரரைப் போல அம்மா பேசிய விதம் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. இப்படி ஒருவர் தன் தொழிலை நேசிக்க முடியுமா என்று வியந்தபடியே தங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, தேங்காய் பறிக்க மரம் ஏறியிருந்த சுடலைமுத்துவைக் கதண்டுக் குளவிகள் மொய்த்துவிட்டன. எப்படியோ கீழே இறங்கியவர் தோப்பு வாசலில் விழுந்தார்.

அவருடைய மனைவி பேச்சியம்மாள் ஓடிவந்தாள்.

"கதண்டு கொட்டிட்டு. மூச்சு விட முடியலய்யா. பேச்சும் வரல."

உதடும் நாக்கும் வீங்கிப் பிதுங்கியிருந்தன. முகம் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். வர இருபது நிமிடம் ஆகுமாம்.

"அவ்வளவு நேரம் தாங்காது," என்றார் அதிசயநாதன். "தொண்டை அடைத்துவிட்டது. கழுத்தில் துளை போட்டால்தான் காற்று உள்ளே போகும்."

அம்மா பெட்டியைக் கொண்டுவந்து திறந்து வைத்தார்.

அதிசயநாதன் கத்தியை எடுத்தார். கத்தி முனை கழுத்துக்கு மேலே அங்குமிங்கும் அலைந்தது. பேச்சியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்ரென்று ஒரு சத்தம். அம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து நீட்டினார்.

"துணி," என்றார்.

கத்தி இறங்கியது. அதிசயநாதன் விரலால் தடவிப் பார்த்து, வெட்டின வாயை விலக்கி, பெட்டியிலிருந்த சின்னக் குழாயைச் செருகினார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு குழாய்க்குள் சீறிக்கொண்டு காற்று போனது. சுடலைமுத்துவின் மார்பு மேலே எழுந்தது.

பேச்சியம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றும்போது முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. கூடப் போகக் கிளம்பிய அதிசயநாதன், வண்டிப் படியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றார்.

"அம்மா, ஒன்று கேட்கவேண்டும். நீங்கள் என்னை ஒருமையில் பேசியதே இல்லை. அதனால் துணியைத்தான் கொடுத்தீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் துணிந்து செய் என்றும் எடுத்துக்கொள்ளலாம். பழைய தமிழில் துணி என்றால் வெட்டு என்றே பொருள் உண்டு. நீங்கள் எதைச் சொன்னீர்கள்?"

"உங்கள் காதில் எது விழுந்தது?"

அதிசயநாதன் அம்மாவின் கையைப் பார்த்தார். கிழித்த தலைப்பு இன்னும் அந்தக் கையிலேயே இருந்தது. அதில் ஒரு சொட்டு ரத்தம்கூடப் பட்டிருக்கவில்லை.