மந்தி வளர்த்த பச்சைப்பாம்பு

புங்கங்காட்டில் செவ்வந்தி என்று ஒரு மந்தி இருந்தது. அதற்குக் குட்டி இல்லை. ஒருநாள் புயலில் முறிந்த கிளைக்கு அடியில் பச்சைப்பாம்புக் குட்டி ஒன்று சிக்கிக் கிடந்தது. மந்தி அதை எடுத்து வந்து வளர்த்தது. கொடியான் என்று பெயரும் வைத்தது. கொடியான் மந்தியை "அம்மா" என்றே கூப்பிட்டது.

மார்கழிக் குளிரில் கொடியானுக்கு நோய் வந்தது. மூச்சு விட்டால் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. வாயோரம் நுரை கட்டியது. பிடித்துக் கொடுத்த பல்லியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வா, வைத்தியரிடம் போகலாம்!" என்றது மந்தி.

"எந்த வைத்தியர் அம்மா?"

"கீரி வைத்தியர்தான். இந்தக் காட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?"

"கீரியா! ஐயோ, வேண்டாம் அம்மா!"

மந்தி கேட்கவில்லை. கொடியானைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளைக்குக் கிளை தாவியது.

கள்ளிப்புதருக்கு அடியில்தான் கீரி வைத்தியம் பார்க்கும். அங்கே ஏற்கெனவே கூட்டம். கால் ஒடிந்த மயில் ஒன்று கொடியானை ஏற இறங்கப் பார்த்தது. "பிழைக்காது என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்!" என்றது. கொடியான் பயத்தில் குச்சி போல விறைத்துப் போனது.

கீரி நல்ல வைத்தியர். கிட்டே வராமல் தள்ளி நின்றே பார்த்தது.

"மந்தியம்மா, சளி நெஞ்சில் இறங்கியிருக்கிறது. வெயில் படுகிற பாறை இடுக்கில் கிடக்கட்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு சொட்டு ஆடாதொடைச் சாறு போதும். தீனியைத் திணிக்காதே. சும்மா சும்மா தொட்டுப் பார்க்காதே. இனிப் பௌர்ணமிக்குக் கொண்டு வா. வரும்போது சுரைக்குடுக்கையில் விட்டு, குடுக்கையின் வாயை மூடி எடுத்து வா."

"மூடுவதா? இருட்டில் பயந்துவிடுமே!"

"இருட்டில் அது நிம்மதியாகச் சுருண்டு கிடக்கும். என் மூஞ்சியைப் பார்த்தால்தான் பயம்!"

மந்தி இரண்டு நாள் சொன்னபடி செய்தது. கொடியான் பாறையில் இருந்த பனித்துளியை நக்கியது. நுரையும் கொஞ்சம் குறைந்தது.

மூன்றாம் நாள் காலையில் கொடியான் அசையாமல் கிடந்தது. மந்தி பாய்ந்து வந்தது. தொட்டது. புரட்டியது. உலுக்கியது. "கண்ணு! உயிரோடுதான் இருக்கிறாயா?"

"தூங்கினேன் அம்மா" என்றது கொடியான்.

"சாப்பிடாமல் இருந்தால் எப்படித் தெம்பு வரும்?" என்று மந்தி ஒரு பல்லியை அதன் வாயில் திணித்தது. கொடியான் அதைக் கக்கிவிட்டது. மந்தி அலறிக்கொண்டு, தூறலில் அதைக் கையில் ஏந்தியபடி கள்ளிப்புதருக்கு ஓடியது.

"ஏன் வந்தாய்?" என்று கத்தியது கீரி. "நான் என்ன சொன்னேன்? குடுக்கை எங்கே?"

"தேட நேரமில்லை வைத்தியரே!"

மறுநாளும் ஓடியது. அதற்கு மறுநாளும் ஓடியது. ஒவ்வொரு முறையும் கீரி அதையே சொன்னது. ஒவ்வொரு முறையும் மந்தி தலையாட்டிவிட்டு வந்தது. ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அதனால் முடியவில்லை. ஓடினால்தான் ஏதோ செய்கிறோம் என்று இருந்தது. கொடியானின் பச்சை நிறம் மங்கிப் பழுத்த இலை போல ஆனது.

ஏழாம் முறை எடுக்கப் போனபோது, கொடியான் பாறை இடுக்கின் கடைசிவரை ஊர்ந்து ஒட்டிக்கொண்டது.

"வா கண்ணு, அம்மாதானே!"

"அதனால்தான் அம்மா" என்றது கொடியான். மூச்சு வாங்கியது. "இப்போதெல்லாம் எனக்குக் கீரியிடம்கூட அவ்வளவு பயமில்லை. உன் காலடிச் சத்தம் கேட்டால்தான் நடுக்கம் வருகிறது."

நீட்டிய கை அப்படியே நின்றது. மந்தி பின்வாங்கியது. எதிர்மரத்தின் தூரக் கிளையில் போய் உட்கார்ந்தது. எத்தனையோ தடவை இறங்கப் பார்த்தது. இறங்கவில்லை.

கொடியான் நான்கு நாள் வெயிலில் கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை, புரட்டவில்லை. ஐந்தாம் நாள் மதியம் மூச்சு நின்றது.

மந்தி வெறுங்கையோடு கீரியிடம் போனது.

"வைத்தியரே, முதலிலேயே சும்மா விட்டிருந்தால் பிழைத்திருக்குமா?"

"தெரியாது, மந்தியம்மா. நெஞ்சுச் சளி பொல்லாதது. பிழைத்தும் இருக்கலாம், செத்தும் இருக்கலாம்."

"அப்படியென்றால் என் தப்பு இல்லையா?"

"சாவு யார் தப்பென்று எனக்குத் தெரியாது. அந்தப் பயம் மட்டும் நீ கொடுத்தது."

மந்தி தரையிலேயே நடந்து காட்டுக்குள் போனது.

நம் மனப்பதற்றம் அடங்குவதற்காக நோயாளியைப் பாடாய்ப் படுத்துவது அன்பாகாது. அது நோய்க்கு மேல் இன்னொரு நோய்.