மெதுவாகத் தட்டிய இடம்

"இதுக்கு மேல எதைத்தான் சுரண்டணும், மேஸ்திரியம்மா?" என்று கேட்டார் ஞானதிரவியம்.

பெனிட்டா நிமிரவில்லை. கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்து உப்புத்தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கு ஐம்பத்தாறு. தபால் ஆபீஸ் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு, அப்பா ஓட்டிய அறுபத்துநாலாம் வருஷத்துக் காரோடு அவளிடம் டிங்கர் வேலை படிக்க வந்து எட்டு மாதம் ஆகிறது. பக்கத்து லேத்துக்காரர்கள் அவரைச் சீடப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளையும் மூன்று மாதப் பேரனையும் இந்தக் காரில்தான் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய் விட வேண்டும். சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. மேஸ்திரி 'சரி' என்றால் பெயின்ட் அடிக்கலாம். அவள் சொல்லமாட்டேன் என்கிறாள்.

துணி சுற்றிய காந்தத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அவர் காரைச் சுற்றி வந்தார். பட்டி பூசி மறைத்த இடமானால் காந்தம் கீழே விழும். எங்குமே விழவில்லை.

"விழலையே" என்றார்.

"தட்டுங்க."

விரல் முட்டியால் தட்டிக்கொண்டே மறுபடி சுற்றினார். மட்கார்டு, முன்கதவு, பின்கதவு, கதவுக்குக் கீழே கால்வைத்து ஏறும் விளிம்பு, டிக்கி. பட்டறைக்குப் பின்னால் உப்பளத்தில் ஆள் இல்லை. உச்சிவெயிலில் உப்புக்குவியல்கள் கண்ணைக் குத்தின.

அவள் கண்களை மூடியிருந்தாள்.

"எல்லா இடத்துலயும் வேலைக்காரன் மாதிரி தட்டுறீங்க அண்ணாச்சி. அந்த இடதுபக்கப் பின்கதவுக்குக் கீழ மட்டும் மெதுவாத் தட்டுறீங்க."

"உள்ள யாரு தூங்குறா?"

ஞானதிரவியம் சிரித்துப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் தங்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன், கோயில் கொடியேற்றத்துக்கு அவள் போயிருந்த அன்று, அங்கே விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும், பிறகுதான் ஒட்டு. முதல் நாள் அவள் சொல்லித்தந்தது அது. அவரும் வெட்டத்தான் தொடங்கினார். வெட்ட வெட்டத் துரு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அப்பாவின் கார் முழுவதுமே கையோடு வந்துவிடுமோ என்று பயந்து, எண்ணெய் டின்னை நறுக்கி மேலே வைத்துப் பற்றவைத்தார். தகரத்தில் காந்தம் ஒட்டும். மூடியது முடிந்தது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். நாளாக ஆக நம்பியும் விட்டார்.

"உள்ள போய் உக்காருங்க" என்றாள் பெனிட்டா. "பிள்ள வரப்போற இடத்துல. கண்ணாடிய ஏத்திக்கிடுங்க. நான் வந்து வெளிய தட்டுறேன்."

உட்கார்ந்தார். கதவைச் சாத்திக் கண்ணாடியை ஏற்றினார். காற்று நின்றது. பழைய ரெக்சின் வாசனை. கண்ணை மூடிக்கொண்டார்.

காலடியில் ஒரு தட்டு.

மெதுவாக. அவர் தட்டியது போலவே.

இன்னொன்று. பிறகு மூன்றாவது. தட்டு நின்றதும் தகரத்துக்குப் பின்னால் மணல் உதிர்வதுபோல் ஏதோ உதிர்ந்தது. கொஞ்சமாக, விட்டுவிட்டு, யாரோ உப்பின்மேல் வெறுங்காலோடு நடப்பதுபோல. நிற்கும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு வந்தது. அவருடைய பாதத்துக்கு நேர் கீழே வந்து, மறுபடி தட்டியது.

பேரனின் தலை சாய்ந்திருக்கும் இடத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"போதும், தட்டாதீங்க" என்றார். "வெட்டாம மேல தகரம் வச்சேன். நான்தான் வச்சேன். ஞாயித்துக்கெழம பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிக்கிடுதேன். அந்த இடத்த வெட்டிருவோம், மேஸ்திரியம்மா."

கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

பட்டறையின் மறுகோடியில், அதே டப்பாவின் மேல், அவள் உப்புத்தாளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் எந்திரிக்கவே இல்லையே, அண்ணாச்சி."